இருபத்தெட்டு டிகிரி

தினமும் நாற்பது சுற்று நீந்துகிற மனுஷனுக்கு எடை ஏன் ஏறுகிறது என்று மச்சான் என்னிடம்தான் கேட்டார். நீச்சல் குளத்தின் இயந்திர அறையைப் பார்த்துக்கொள்பவன் என்பதால், இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம்தான் வரும்.

"தண்ணி உடம்புல ஊறிடுதோ, மாப்ள?"

"அதெல்லாம் ஊறாது மச்சான்" என்றேன். அது உண்மை.

நீச்சல் குளச் சங்கச் செயலாளர் ஐயா, நீங்கள் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். விளக்குவது எனக்குப் பிடித்த வேலை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறார். அப்போது நூற்று நான்கு கிலோ. இரண்டு முழங்காலும் தேய்ந்து, மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார். தொண்ணூறுக்குக் கீழே வந்தால்தான் அறுவை சிகிச்சை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடந்தால் மூட்டு நோகும். தண்ணீரோ உடம்பின் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். எனவே நீச்சல். மிகச் சரியான யோசனை. சிக்கலே அதுதான்.

என் எடை தொண்ணூற்றாறு. பத்து வருஷமாக வீட்டில் எனக்கு இரண்டாவது இடம். சாப்பாட்டு மேஜையில் என் மனைவியின் பார்வை நேராகத் தன் அண்ணன் தட்டுக்குப் போகும். "போதும்ணே, எழுந்திருங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் இரண்டாம் முறை போட்டுக்கொள்வேன். மச்சான் இளைத்துவிட்டால் அந்தப் பார்வை எங்கே திரும்பும்? நீங்களே சொல்லுங்கள்.

சாப்பிடுவதைவிட அதிகமாக எரித்தால் எடை இறங்கும். ஆனால் குளிர்ந்த தண்ணீரில் நீந்திவிட்டு ஏறினால் அகோரப் பசி எடுக்கும். எரித்ததற்கு மேலேயே சாப்பிட்டுவிடுவோம். குளத்துத் தண்ணீர் இருபத்தெட்டு டிகிரி இருக்க வேண்டும். நான் திங்கட்கிழமைதோறும் அரை டிகிரி இறக்கினேன். எட்டு வாரத்தில் இருபத்து நான்கு. மெதுவாக இறக்கினால் உடம்புக்குத் தெரியாது. குளத்தின் உட்சுவரிலிருக்கும் வெப்பமானிக்குத்தான் தெரியும். அதில் எண்கள் கண்ணாடிக் குழாயில் இல்லை, பின்னாலுள்ள தகட்டில் இருக்கின்றன. இரண்டு திருகைத் தளர்த்தி, வாராவாரம் தகட்டை ஒரு நூலளவு கீழே தள்ளினால் போதும், வருஷம் பூராவும் இருபத்தெட்டுதான். அழகான ஏற்பாடு.

மச்சான் பசியோடு கரையேறுவார். நான் துண்டும் டப்பாவுமாக நிற்பேன். டப்பாவில் பேரீச்சம்பழம், வேர்க்கடலை, தேன். கெட்ட பண்டம் எதையும் அவர் பக்கம் அண்டவிட்டதில்லை. ஒரு கைப்பிடிக் கடலை என்பது இருபது சுற்று நீச்சல் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் நாலு கைப்பிடி சாப்பிடுவார்.

"உன்ன மாதிரி ஒருத்தன் யாருக்கு வாய்ப்பான், மாப்ள" என்று ஒருநாள் கண்கலங்கினார். எனக்கும் கலங்கியது. அன்று அவர் நூற்றெட்டு.

ஒன்றை மறந்துவிட்டேன். அதே தண்ணீரில் காலையில் இன்னும் முப்பது பேர் நீந்துகிறார்கள். முப்பது பேரும் பருத்தார்கள். புது நீச்சலுடையும் இறுக்கமாகிப்போன கோபத்தில், ஓய்வுபெற்ற நர்ஸம்மா தன் பேத்தி குளிக்கும்போது மிதக்கவிடும் பிளாஸ்டிக் வாத்தைக் கொண்டுவந்தார். அதன் வயிற்றில் ஒரு வெப்பமானி. இருபத்து நான்கு.

"ஏம்ப்பா, உன் சுவரு பொய் சொல்லுதா, என் வாத்து பொய் சொல்லுதா?"

வாத்துக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

அன்றே என்னை வேலையிலிருந்து நிறுத்தினீர்கள். ஆறு மாதம் கழித்து இப்போதுதான் விளக்கம் கேட்கிறீர்கள். அதற்குள் தண்ணீர் இருபத்தெட்டுக்கு வந்துவிட்டது, டப்பா நின்றுவிட்டது, நீந்தியதும் இரண்டு முட்டை, ஒரு தட்டுக் காய்கறி. மச்சான் எண்பத்தொன்பது. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை.

அவர் என்னைத் திட்டவில்லை. "குளுர வச்சத விடு மாப்ள. மேல தேன் வேற ஊத்துனியே" என்றதோடு சரி. பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, "உன் வீட்டுக்காரர் தட்டக் கொஞ்சம் பாரும்மா" என்றார்.

அவள் பார்த்தாள். மறுநாளே எடைபார்க்கும் கருவி ஒன்று வாங்கிக் குளியலறையில் வைத்துவிட்டாள். ஞாயிறுதோறும் நான் ஏறி நிற்க வேண்டும்; அவள் குனிந்து எண்ணைப் படிப்பாள்.

செய்ததெல்லாம் நானேதான் ஐயா. இப்போது திருந்திவிட்டேன், எந்தத் திருகையும் தொடுவதில்லை. கருவியில் ஏறியதும் இடது கையைப் பக்கத்து வாஷ்பேசின் விளிம்பில் லேசாக ஊன்றிக்கொண்டால் ஐந்து கிலோ குறைகிறது.