விதைநெல் இருந்த மூலை

ஷெல் விழுகிறது. முதலில் ஊளை. பிறகு நிலம் அதிர்கிறது. மூன்று வயது மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்குகிறேன். மாமியார் எனக்கு முன்னால்.

"கெதியா இறங்கு புள்ள! நான் வாறன்!"

என் கணவரின் குரல்.

அது புரட்டாசி. வெள்ளிக்கிழமை. விடிந்து கொஞ்ச நேரம்.

இன்று அதே பங்கருக்குள் நிற்கிறேன். சுவர் துளைக்கும் மெசின் அதிர்கிறது. அந்த மகள் இப்போது வந்தாறுமூலையில் படிப்பிக்கிறாள். வீட்டுக்கு அடியில் தனியே இருந்து வாசிக்க ஓர் அறை வேண்டுமாம். வெள்ளைப் பெயின்ற். ஒரு மெத்தை. மாரி மழையில் நீர் ஊறும் என்று மேசன் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. வாதாட எனக்குச் சக்தியில்லை. செய்யட்டும்.

கிரானில் நாங்கள் வேளாண்மை செய்தோம். பின்னறைக்கு அடியில் இந்தக் குழியை அவர்தான் தோண்டினார். நாலு பேர் நெருங்கி இருக்கலாம். வட்டை வயலில் உழவு முடிந்திருந்தது. சண்டை கிட்ட வந்ததும் அவர் முதலில் இறக்கியது விதைநெல்லை. வீடு எரிந்தால் கட்டலாம், விதைநெல் போனால் போகமே போய்விடும் என்றார். எங்கள் ஊரில் இதற்கு எவரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள். மூட்டைகள் உள்மூலையை அடைத்துக்கொண்டன. மிச்ச இடம் எங்கள் மூவருக்குத்தான் போதும்.

வாறன் என்றவர் வந்தார். மேல்படி வரை. அதற்குக் கீழே இடமில்லை. அங்கேயே குந்தினார். அடுத்த ஷெல் கிணற்றடியில் விழுந்தது. அதன் துண்டொன்று பின்கதவைப் பிளந்துகொண்டு வந்தது. அவர் சத்தம் போடவில்லை. என் மடியில் சரிந்தார்.

அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் கோபம்தான். மூட்டையை வெளியே எறிந்திருக்கலாமே.

அதே மூலையில் புத்தக அலுமாரி வைக்க மகள் கரியால் கோடு போட்டிருந்தாள்.

"அலுமாரி வேணாம் மகள். அந்த மூலை சும்மா கிடக்கட்டும்."

"ஏனம்மா?"

"உங்கட அப்பா இருந்திருக்கவேண்டிய இடம் அது."

அவள் உள்ளங்கையால் கோட்டை அழித்தாள். மேசன் மெசினை நிறுத்திவிட்டு மேலே போனார்.

போனவற்றைச் சொல்கிறேன். பின்கதவு. கிணற்றுக்கட்டு. ஒரு பசு, கன்றோடு. என் கணவர். வயது முப்பத்தொன்று.

விதைநெல்லில் ஒரு மணியும் சேதமில்லை. அந்த மாரிக்கு நான்தான் விதைத்தேன். நன்றாக விளைந்தது.