பக்கத்து மேட்ச் ஆள் பிடித்த கேட்ச்

புதுச்சேரியிலிருந்து சிதம்பரம் போகும் பஸ் மஞ்சக்குப்பம் மைதானத்தைத் தாண்டும்போது, எனக்கு முன்சீட்டில் இருந்த நரைமீசைக்காரர் பக்கத்திலிருந்த மச்சானிடம் சொன்னார்: "நான் அன்னைக்கு அவுட்டே இல்ல."

"ஸ்கூல் படிக்கறப்ப நடந்தது மாமா."

"ஒரே கிரவுண்டுல நாலு மேட்ச் நடக்கும். நீ பக்கத்து மேட்ச் ஆளு. எங்க பந்த நீ ஏன் புடிச்ச?"

"நேரா கைக்கு வந்துச்சு, புடிச்சிட்டேன்."

"அதப் பாத்து அவுட்டுன்னு குடுத்துட்டானுங்க. மேட்ச்சே போச்சு."

"சரி, அவுட்டு இல்ல. போதுமா?"

அவர் ஜன்னலைத் திறந்தார், மூடினார். ஆலப்பாக்கம் வந்தது.

"எங்கிட்ட சொல்லி என்ன? எங்க டீம் பசங்ககிட்ட சொல்லு."

"அவுங்கள்ல இப்ப யாரு மாமா இருக்கா?"

நரைமீசைக்காரர் சிதம்பரம் வருவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து படிக்கட்டருகே போய் நின்றுகொண்டார்.