மூன்று வருஷம் ஆகும்

நான் நல்ல பயிற்சியாளன் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஐயா. எழுதிக்கொள்ளத் தயங்க வேண்டாம், ஊரே சொல்லிச் சிரித்ததுதான். ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்த ஒரு கால்பந்து அணியை நான்கே வருஷத்தில் பட்டியலின் கடைசிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். அணியிலேயே வேகமானவன் என் தங்கை மகன். அவனை இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன். சொந்தக்காரனுக்குச் சலுகை என்று யாரும் பேசிவிடக் கூடாதே.

முதலாளி என்னை விலக்கினார். ஒப்பந்தம் மிச்சமிருந்ததால் ஆலோசகர் என்று ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்தார். இந்த அணி எப்போது தேறும் என்று பத்திரிகைக்காரர்கள் அன்று கேட்டார்கள். "மூணு வருஷம் ஆகும். யார் வந்தாலும் அதுக்கு முன்னால ஒண்ணும் நடக்காது" என்றேன். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

புதிதாக வந்த பயிற்சியாளர் தடித்த கண்ணாடி போட்ட ஓர் அமைதியான மனிதர். பெரிதாக எதுவும் செய்யவில்லை. அவரவரை அவரவர் இடத்தில் ஆடவிட்டார், தங்கை மகனை வலது ஓரத்தில் இறக்கினார். ஒன்பது வாரத்தில் ஏழு வெற்றி. டீ கொண்டுவரும் அம்மாகூடக் கேட்டார், "என்ன சார், மூணு வருஷம் அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" நானும் சேர்ந்து சிரித்தேன். டீ மட்டும் இறங்கவில்லை.

இங்கேதான் நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்பது வாரத்தில் அணி தேறிவிட்டால், அதைப் பிடித்திருந்த நோய் நான்தான் என்று ஆகிவிடும். மூன்று வருஷம் ஆனால், பாவம், அந்த மனுஷன் மட்டும் என்ன செய்வார் என்பார்கள். எனக்கு அந்த ஒரு 'பாவம்' போதுமாக இருந்தது.

தங்கை மகன் ஓரமாக ஓடிவந்து, எல்லைக்கோட்டுக்கு எட்டடி முன்னால் வலது காலை ஊன்றி உள்ளே திரும்புவான். எப்போதும் அதே இடம். மைதானக்காரர் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. ஆட்டத்தன்று காலையில் அவரிடம், "நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க, தண்ணிய நான் பாத்துக்கறேன்" என்றேன். மற்ற இடங்களுக்குப் பத்து நிமிஷம், அந்த ஓர் இடத்துக்கு ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டேன். ஈரம் தெரியாமலிருக்க, வெட்டிப்போட்ட புல்லை மேலே தூவினேன். முதல் பாதியில் எதிர் முனையில் ஆடித் தப்பினாலும், அணிகள் முனை மாறும் இரண்டாம் பாதியில் அங்கே அவன் வந்தே ஆக வேண்டும். என் வாழ்நாளில் நான் போட்ட திட்டங்களில் அது ஒன்றுதான் பலித்தது.

அறுபதாவது நிமிஷம் வந்தான். கால் புதைந்தது, உடம்பு திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. அந்தச் சத்தம் என் நாற்காலிவரை கேட்டது. அணி அந்த ஆட்டத்தையும் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றது, அடுத்த நான்கையும் வென்றது. என் கை பட்டால் குற்றம்கூட உருப்படுவதில்லை.

தங்கைக்கு இன்னும் தெரியாது. "அண்ணா, நீதான் அவனப் பழையபடி நடக்க வைக்கணும்" என்று என் கையைப் பிடித்து அழுதாள். மறுக்க முடியுமா? தினமும் போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். "மாமா, நான் எப்ப ஓடுவேன்?" என்று கேட்டான். "மூணு வருஷம் ஆகும்டா" என்றேன். சரி மாமா என்றான். இத்தனை பேரில் என் பேச்சை நம்பியவன் அவன் ஒருவன்தான்.

நேற்று ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நாலடி தானாகவே நடந்துவிட்டான். தங்கை கைதட்டினாள். எனக்கென்னவோ, ஐயா, அது கொஞ்சம் அவசரமாகப் பட்டது.