ரத்தக் குப்பிச் சீட்டு மென்பொருளின் ஏழாவது இணைப்பு

என் பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்தெட்டு. பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தேன். பதினான்கு ஆண்டுகளாக மருத்துவமனையின் கணினிப் பிரிவுத் தலைவியாக இருக்கிறேன். யாரும் அழைக்காமல் நானாகக் காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் மருத்துவமனையில் அறுபத்து மூன்று மென்பொருள்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் சொத்துப் பட்டியலில் ஒரு பக்கம் உண்டு. உரிமம், சோதனை அறிக்கை, தயாரித்தவர்களின் கடிதம் ஆகியவற்றை அந்தந்தப் பக்கத்தோடு இணைப்பது என் பிரிவிலுள்ள பெண் ஊழியரின் வேலை. அவரை எல்லோரும் குண்டூசி என்பார்கள். யாராவது ஒரு மென்பொருளைப் பற்றி வாயால் முடிவு சொன்னால்கூட, அதை எழுதி, சொன்னவரிடமே படித்துக் காட்டி, தேதியும் நேரமும் போட்டு அன்றைக்கே இணைத்துவிடுவார். "நேத்து நான் தும்முனதுக்குத் தாள் இணைச்சாச்சா, குண்டூசி?" என்று ஆய்வகத்துக்காரர் ஒருமுறை கேட்டார். "எந்த சாஃப்ட்வேர் மேல தும்முனீங்கன்னு சொல்லுங்கண்ணே, இணைச்சுடறேன்" என்றார் இவர். நானும் சேர்ந்து சிரித்தேன். வேண்டாத வேலை என்பதுதான் அப்போது என் எண்ணம்.

நான்கு மாதங்களுக்கு முன்பு, ரத்த மாதிரிக் குப்பிகளில் ஒட்டும் சீட்டை அச்சிடும் மென்பொருளைத் தயாரித்தவர்களிடமிருந்து கடிதம் வந்தது. ஒரே நிமிடத்தில் இருவரைப் பதிவு செய்தால் ஒருவர் சீட்டில் மற்றவர் எண் விழக்கூடும் என்றும், திருத்தத்தை உடனே நிறுவும்படியும் எழுதியிருந்தார்கள். குண்டூசி அதை ஆறாவது இணைப்பாகச் சேர்த்துவிட்டு என் அறைக்கு வந்து சொன்னார். நிறுவ வேண்டுமானால் ஆய்வகத்தை இரண்டு மணி நேரம் நிறுத்த வேண்டும். "இப்ப வேண்டாம், அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அதன் பிறகு அவர் அதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். நான் தலையாட்டினேன். அதுதான் ஏழாவது இணைப்பு. அதற்கடுத்த மாதங்களில் இருமுறை நினைவூட்டினார். அவையும் எட்டு, ஒன்பது என்று இருக்கின்றன.

சென்ற வாரம் திங்கட்கிழமை சீட்டு மாறியதால் ஒரு நோயாளிக்கு வேறு பிரிவு ரத்தம் ஏற்றப்பட்டு, அவர் இன்னும் தீவிர சிகிச்சையில் இருக்கிறார். அவர் மனைவி புகார் கொடுத்தது தங்களுக்குத் தெரியும். அதன் பிறகு புதன்கிழமை நிர்வாகி என்னை அழைத்து, ஏழு முதல் ஒன்பது வரை நீக்கச் சொன்னார். "உங்க கைல இருக்கிற அதிகாரம்தானே, ஒரு நிமிஷ வேலை" என்றார். நான் என் மேசைக்குப் போய் நீக்க முயன்றேன். நீக்குவதற்கான காரணத்தைக் காட்டும் ஆவணம் ஒன்றை இணைக்கும்படி திரை கேட்டது. குண்டூசியைக் கூப்பிட்டு, வேறு வழி உண்டா என்று கேட்டேன்.

அவர் முகம் மாறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு விசைப்பலகையில் கை வைத்தார். "வேற வழி இல்ல மேடம். ஒரு தாள் வேணும், அவ்வளவுதான். என்ன தாள்னு சொல்லுங்க, நானே இணைச்சுத் தரேன்."

அதில் கிண்டல் இல்லை. அந்த இணைப்புகள் போனால் தன் வேலைக்கு ஆபத்து என்று அவருக்குத் தெரியும். தன்னைக் காப்பாற்றும்படி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. சொல்ல என்னிடம் தாள் எதுவும் இல்லை. திரையை மூடினேன். யாரையும் நான் எளிதில் மெச்சுகிறவள் அல்ல. என்னோடு வேலை பார்த்தவர்களில் அவரளவுக்கு நேரானவரை நான் கண்டதில்லை.

மறுநாள் நிர்வாகி, தயாரிப்பாளர் கடிதத்தை மறைத்ததாகக் குண்டூசியைப் பணியிடை நீக்கம் செய்து, இணைப்புகள் இல்லாமல் சொத்துப் பட்டியலின் அந்தப் பக்கத்தை மட்டும் தங்களுக்கு அனுப்பினார். அப்போதும் நான் ஐந்து நாள் வாய் திறக்கவில்லை. இன்று காலை ஒன்பது இணைப்புகளையும் அச்செடுத்துக் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன். திருத்தத்தை நிறுவ உத்தரவிடும் அதிகாரம் எனக்கு மட்டுமே இருந்தது, அவருக்கு இல்லை.

மேற்கண்டதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, உண்மை. மூன்றாம் பத்தியில், நான் 'கவனக்குறைவாக' வேண்டாம் என்றதாக ஆய்வாளர் எழுதியிருந்தார். அந்தச் சொல்லை மட்டும் அடிக்கச் சொல்லி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். கடிதத்தை முழுதும் படித்த பிறகுதான் வேண்டாம் என்றேன்.

(ஒப்பம்)