ஊரை எரித்தவள் மேல் ஒரு கோபம்

“அம்மாம் பெரிய ஊரை எரிச்சவ, மொதல்ல அவனை வீட்டுல வச்சு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய மதுரை பஸ், திருமங்கலத்தில் மூச்சு வாங்க நின்றிருந்தது. எனக்கு முன் சீட்டில், மடியில் பழைய காவியப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பெண்தான் இப்படிச் சொன்னாள். பக்கத்தில் அவள் புருஷனின் தங்கை.

“சாமியா கும்பிடுறோம் மதினி. கன்னத்துல போட்டுக்கங்க.”

“கும்பிடு. இன்னொருத்தி வீட்டுல கெடந்துட்டு வந்தவன்கிட்ட ஒண்ணும் கேக்காம, கால் நகையை எடுத்துக் குடுத்தாளே! படிக்கப் படிக்கப் பத்திக்கிட்டு வருது.”

“எங்கண்ணன் திருந்தி வந்துட்டாருன்னுதானே உங்களை அம்மா வீட்டுலருந்து கூட்டிட்டுப் போறேன். பஸ் ஸ்டாண்டுல நிப்பாரு. அங்கன வச்சு எதுவும் கேட்டுறாதீக.”

“அங்கன வச்சுத்தான் கேப்பேன். பதில் சரியில்லேன்னா இதே பஸ்ஸுல திரும்பிருவேன்.”

மதுரையில் அவர் மல்லிகைப்பூப் பொட்டலத்தோடு நின்றிருந்தார். அவள் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வழியாகவே கேட்டாள்.

“அவ வீட்டுக்கு இனிமே போவீகளா?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஏதோ முணுமுணுத்தார்.

“காதுல விழலை.”

“போக மாட்டேன்.”

“கண்டக்டருக்கும் கேக்கட்டும்.”

“போகவே மாட்டேன் தாயி!”

இறங்கப் போன நாங்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். அவள் நிதானமாக இறங்கினாள். அவர் அவசரமாகப் பூவை நீட்டினார்.

“அதை உங்க தங்கச்சிக்குக் குடுங்க. நான் இன்னும் கேட்டு முடிக்கலை.”