‘நின்னுக்கறேன்’ என்ற சொல்லைச் சரியாகக் கேட்ட புவனா அம்மையாருக்கு

புளியும் தேனும் புகுந்து புறப்படும் பூஞ்சோலை மலைவிளைபொருள் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்காளரே, ஒடுகத்தூரிலிருந்து காலைப் பேருந்தில் ஏறி வந்து மாலைப் பேருந்தில் இறங்கிப் போய், இருபத்தெட்டு ஆண்டுப் பணியின் கடைசி ஆறாண்டுகளை இந்த ஜவ்வாது மலைக்கு வழங்கி ஓய்வு பெறும் அன்னையே, எங்கள் மறதிகளையெல்லாம் பொறுத்தருளிய புவனா அம்மையாரே, வணக்கம்.

பொறுத்தருளிய என்று ஒரு மரியாதைக்கு எழுதிவிட்டோம். வருகைப் பதிவில் தேதி போட மறந்தவரைத் தேநீர் ஆறும்வரை திட்டுவீர்கள். பிறகு உங்கள் இட்லியை அவருக்கே எடுத்து வைப்பீர்கள். திட்டில் இருந்த காரம் இட்லிப் பொடியில் இருந்ததே இல்லை.

கணக்கு எழுதியவர்கள் உங்களுக்கு முன்னும் இருந்தார்கள். ஆனி மழை விழுந்ததும் புளி உடைக்கும் பெண்கள் ‘நின்னுக்கறேங்க’ என்று சொல்லிவிட்டுச் சாமை விதைக்கப் போவார்கள். விதைத்து முடித்து வருகிறேன் என்பதே மலையில் அதற்குப் பொருள். கீழ்நாட்டிலிருந்து வந்த எழுத்தர்கள் அதை ‘பணியிலிருந்து விலகினார்’ என்று பதிந்து, அடுத்த பருவத்தில் புது ஆளாகச் சேர்த்து, புது வருங்கால வைப்புநிதி எண்ணும் கொடுத்தார்கள். கூலியில் பிடித்த சந்தா ஓரிடத்தில் சேராமல் துண்டு துண்டாகக் கிடந்தது.

அதனால் அடிபட இருந்தவர் பச்சையம்மா. பதினாறு பருவம் புளி உடைத்தவர், ஐம்பத்தெட்டு வயது நிறைந்ததும் ஓய்வூதியம் கேட்டார். எந்த எண்ணிலும் பத்தாண்டுச் சேவை இல்லை, ஓய்வூதியம் கிடையாது, இருப்பதை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று வைப்புநிதி அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. வாங்கியிருந்தால் அந்த ஆண்டுகளும் கணக்கிலிருந்து அழிந்திருக்கும். முட்டி வலியோடு மறுபடி குடகுக் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போயிருப்பார். அந்தத் தொகைக்கான படிவத்தில் கைநாட்டு வைக்க அவர் மை தொட்டபோதுதான் நீங்கள் உள்ளே வந்தீர்கள்.

“கைய எடும்மா. நீ வேலைய வுட்டுட்டியா, வெதைக்கப் போனியா?”

“வெதைக்காம இன்னாங்க துன்றது?”

அந்தப் பதிலில் உங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பருவ வேலைக்காரர் ஓர் ஆண்டில் சில மாதமே உழைத்தாலும் ஓய்வூதியத்துக்கு அது முழு ஆண்டு என்ற விதியை எடுத்துக்காட்டி, சிதறிய எண்களை ஒன்றாக்கச் சொல்லி வைப்புநிதி அலுவலகப் படியேறினீர்கள். திருப்பி அனுப்பினார்கள்; அங்கும் திட்டினீர்கள்; மீண்டும் ஏறினீர்கள். ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த நாட்களில் உங்கள் மேசைப் பக்கம் போகவே எங்களுக்குப் பயம். பச்சையம்மாவிடம் மட்டும் குரல் தாழ்த்திப் பேசினீர்கள். இன்று அவருடன் உடைத்த பெண்கள் எல்லோருடைய சந்தாவும் அவரவர் பெயரில் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது.

அறிவும் அன்பும் அதட்டலும் ஒருங்கே அமைந்த அம்மையீர், மூட்டு நோகாமல், பார்வை மங்காமல், பிறர் தவறுக்குக் குரல் உயர்த்தாமல், இல்லை, அது உங்களால் ஆகாது, உயர்த்தியே நூறாண்டு நலமுடன் வாழ்க. நீங்கள் இல்லாத மேசையை நினைத்தால் எங்களுக்கு இப்போதே கலக்கமாக இருக்கிறது.

இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு திரட்டினோம். பச்சையம்மா அதைத் திருப்பிக் கொடுக்க வைத்துவிட்டார்.

“பென்ஷன் வந்துட்சுங்க. கண்ணாடி நான்தான் போடுவேன். யாரும் இதுல கை வெக்காதீங்க.”

ஆலங்காயம் போய்ச் சட்டத்துக்குச் சொல்லி வந்திருக்கிறார். அவருடைய ஓய்வூதியம் பெரிய தொகை அல்ல. போன வாரம்தான் முதல்முறையாக வந்தது. அதிலிருந்து அவர் செய்த முதல் செலவு இது.

உங்கள் திட்டுக்குப் பயந்தும் பாசத்துக்குப் பணிந்தும்,
சங்கப் பணியாளர்கள்