ஏழாவது கார்டு

பைண்டிங் அக்கா: எங்க முதலாளி நழுவுறீங்க? ஆஸ்பத்திரி கவுண்டர்ல இருக்கிற பொண்ணு இன்சூரன்ஸ் கார்டு கேக்குது.

முதலாளி: இல்ல... ஒரு டீ குடிச்சிட்டு...

பைண்டிங் அக்கா: இப்பவா? பிரஸ்ஸுல அச்சு மெஷின் மேலயே வலியில சாய்ஞ்சாரு நம்ம மெஷின்காரண்ணன். அங்க பெஞ்சுல சுருண்டு கிடக்கிறாரு. உங்களுக்கு டீ கேக்குதா?

முதலாளி: மெதுவா பேசுங்கக்கா.

பைண்டிங் அக்கா: இன்னைக்கே வயித்துல ஆபரேஷன் பண்ணணுமாம். கார்டு அவரு சட்டைப்பையிலதான் இருக்கு. எடுத்து நீட்ட வேண்டியதுதானே?

முதலாளி: நீட்டக் கூடாது.

பைண்டிங் அக்கா: ஏன்? போன மாசம் இதே ஆஸ்பத்திரியில என் கண்ணுக்குப் பைசா வாங்காம பண்ணாங்களே. அதே கார்டுதானே?

முதலாளி: உங்களுது இன்சூரன்ஸ்காரன் குடுத்தது.

பைண்டிங் அக்கா: அப்ப அவருது?

முதலாளி: பிரஸ்ஸுல இருக்கிற ஏழு பேருக்கும் சேர்த்துத்தான் இன்சூரன்ஸுக்கு விலை கேட்டேன். இவரு வயசைப் பார்த்துட்டு ஏஜெண்ட் ரெண்டு மடங்கு சொன்னான். இவரை மட்டும் விட்டுட்டா மத்த ஆறு பேருக்கும் கட்டுப்படியாகும்னான். எங்கப்பா காலத்து ஆளு... மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?

பைண்டிங் அக்கா: அதனால?

முதலாளி: ஒரு ஞாயித்துக்கிழமை யாரும் இல்லாதப்ப... நம்ம மெஷின்லயே நானே கார்டு ஒண்ணு அடிச்சேன். அவரு பேரு போட்டு.

பைண்டிங் அக்கா: அடப்பாவி மனுஷா.

முதலாளி: அடுத்த வருஷம் எப்படியாவது சேர்த்துடலாம்னு இருந்தேன். ஒரு காய்ச்சல்னு படுத்ததில்லக்கா அவரு.

பைண்டிங் அக்கா: சரி, இப்ப உங்க கையிலேர்ந்து கட்டுங்க.

முதலாளி: இருந்தா அன்னைக்கே சேர்த்திருக்க மாட்டேனா? அவருக்குக் கட்ட ஆளுக்குக் கொஞ்சம் சம்பளத்துல பிடிச்சுக்கட்டுமான்னு உங்க ஆறு பேரையும் கேட்டேனே. என்ன சொன்னீங்க?

பைண்டிங் அக்கா: அதை ஏன் இப்ப...

முதலாளி: "அவரு வயசுக்கு நாங்க ஏன் அழணும்?" நீங்கதான் சொன்னீங்க. மத்தவங்க தலையாட்டுனாங்க.

பைண்டிங் அக்கா: அவரு கையில கார்டைப் பார்த்ததும்... நீங்களே கட்டிட்டீங்கன்னு நினைச்சேன்.

முதலாளி: நினைச்சீங்க. ஆனா வாயைத் திறந்து கேக்கல.

பைண்டிங் அக்கா: ஷ்... அவரே வர்றாரு. அண்ணே, ஏண்ணே எழுந்து வந்தீங்க? போய்ப் படுங்க.

மெஷின்காரர்: எங்க படுக்கிறது? கார்டைக் காட்டினாத்தான் கட்டிலாம்.

முதலாளி: அண்ணே... கார்டுல ஒரு சின்னச் சிக்கல். கம்பெனிக்காரங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கேன்.

மெஷின்காரர்: பேசுங்க தம்பி.

பைண்டிங் அக்கா: டாக்டர் ஏண்ணே அப்படித் திட்டினாரு? எத்தனை நாளா வலி?

மெஷின்காரர்: நாள் இல்லம்மா. எட்டு மாசம்.

முதலாளி: எட்டு மாசமா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அப்பவே வந்திருந்தா மாத்திரையிலேயே...

மெஷின்காரர்: வந்திருந்தா கார்டைக் காட்டணுமே தம்பி. விசிட்டிங் கார்டு அடிக்க நாம வாங்கி வச்ச அட்டை அது. முப்பது வருஷமா மெஷின்ல அட்டை ஏத்துற விரலு, தொட்டதும் தெரிஞ்சுபோச்சு. நீல மை வேற தள்ளி விழுந்திருக்கு. இங்க காட்டியிருந்தா உங்களைப் பிடிச்சு உள்ள வச்சிருப்பாங்க. பிரஸ்ஸையும் பூட்டியிருப்பாங்க. அப்புறம் இந்த வயசுல எனக்கு எவன் வேலை குடுப்பான்?